லாபம், ரெண்டு, மூணு

எங்க ஊர்க்காரங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிக்கணும்னுதான் நானும் பாக்கேன், துப்புறதுக்கு எச்சில் ஊறுதே தவிர வார்த்தை வரமாட்டேங்கு. ஊரு பேரு மொட்டைப்பனையூர். நாலுவழிச் சாலை போடுறோம்னு ரோட்டோரப் புளியமரம் அத்தனையையும் அறுத்து லாரில ஏத்துன அன்னைக்கு ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், ஐயோன்னு ஒரு சத்தம் குடுக்கல. விறகு மலிவாக் கிடைக்குமான்னுதான் வரிசை கட்டி நின்னாங்க. அதுக்குப் பிறகு பங்குனி பிறந்தா போதும், பஸ் ஸ்டாண்டு தார்ல செருப்பு ஒட்டும், தகரத்துக்குக் கீழ படுத்திருக்கிற பிள்ளைத்தாச்சிக்கு மயக்கம் வரும், கோயிலுக்குப் போறவன்கூட சாமியை விட்டுட்டுக் கொடிமரத்துக்குப் பின்னால அந்தக் குச்சி நிழல்ல ஒதுங்கி நிப்பான். என் பேரு சீனியம்மா. பஸ் ஸ்டாண்டு ஓரத்துல நன்னாரி சர்பத் கடை. கடைன்னா ஒரு தள்ளுவண்டி, ஒரு மண்பானை, ஒரு ஐஸ் பெட்டி, மேல வெறும் வானம்.

என் வீட்டுக்காரர் கொம்பையா, தானியக் கமிஷன் கடைகள்ல மரக்கால் பிடிச்சு அளக்கிறவரு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், எங்க பக்கத்துல குவிச்ச தானிய அம்பாரத்தை அளக்கும்போது மொத மரக்காலுக்கு ஒண்ணுன்னு சொல்லமாட்டாங்க, லாபம்னுதான் சொல்லுவாங்க. லாபம், லாபம், ரெண்டு, ரெண்டு, மூணு, மூணுன்னு அடுத்த மரக்கால் விழுறவரைக்கும் அந்த எண்ணை வாயில வச்சு ராகமா இழுத்துக்கிட்டே போவாங்க, கணக்கு தப்பக்கூடாதுல்லா. வாய் தவறி மொத மரக்காலுக்கு ஒண்ணுன்னு சொல்லிட்டான்னு வைங்க, அந்த அளவுகாரனை அதோட களத்தைவிட்டு இறக்கிருவாங்க, தரித்திரம் பிடிச்ச நாக்குன்னு அடுத்த ஊர்க்காரனும் அவனைக் கூப்பிடமாட்டான். அதனால இவரு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து எதையும் ஒண்ணுன்னு ஆரம்பிச்சது கிடையாது. தட்டுல இட்லி வச்சாலும் லாபம், ரெண்டுதான். என் கழுத்துல தாலி முடிச்சுப் போடும்போதும் லாபம், ரெண்டு, மூணுன்னு முணுமுணுத்தாரு, என் காதால கேட்டேன்.

ஊருக்கு மேக்க ஒரு கரிசல் தரிசு கிடக்கு, முழங்கால் உயரப் புல்லு. வருசா வருசம் ஐப்பசில வடக்க இருந்து பூனைப்பருந்து வரும். மரத்துல அடையாது, அந்தப் புல்லுக்குள்ள தரையிலதான் ராத்திரி படுக்கும். பங்குனில திரும்பிப் போகும், தெக்க கடற்கரைப் பக்கம் இருந்த கூட்டமெல்லாம் எங்க தரிசுல ஒரு ராத்திரி தங்கிட்டுத்தான் வடக்க கிளம்பும். அதை எண்ணணும்னு கோயம்புத்தூர்ல இருந்து ரெஹானான்னு ஒரு புள்ள வந்துச்சு. கூட வந்த பையன் எங்க ஊர் வெக்கையில சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரியில கிடந்தான். அந்தப் புள்ள என் கடையில சர்பத் குடிச்சுக்கிட்டே, "கூட்டமா வரும்போது கண்ணை எடுக்காம எண்ணுறதுக்கு ஒரு ஆள் வேணும்க்கா, நான் எது ஆணு எது பொண்ணுன்னு பாக்கிறதுக்குள்ள எண்ணிக்கை விட்டுப் போகுது"ன்னு அலுத்துக்கிச்சு. நான்தான் சொன்னேன், என் வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு நான் சண்டை போட்டாலும் அந்த மனுசன் கணக்கை விடமாட்டாரு, கூட்டிட்டுப் போன்னு.

அன்னைக்குச் சாயங்காலம் சூரியன் சாய்ஞ்சு நிழலெல்லாம் நீளமாக் கிடந்த நேரத்துல, தெக்க இருந்து மொதப் பருந்து தாழப் பறந்து வந்துச்சு. இவரு இடுப்புல கையை வச்சு, தொண்டையைச் செருமி, அம்பாரத்து முன்னால சொல்ற அதே ராகத்துல, "லாபம்"னாரு. பொத்துன்னு அதோட நிழல் புல்லு மேல விழுந்துச்சு. பருந்து முன்னால போயிருச்சு, நிழல் அங்கனயே கிடந்துச்சு. இவரு அதைப் பாத்தாரு, ஆனா கணக்கு நடந்துக்கிட்டிருக்குல்லா, ரெண்டு, மூணு, நாலுன்னு கடைசிவரைக்கும் எண்ணி முடிச்சுட்டு, பிறகு போய் அந்த நிழலை றெக்கை நுனியில பிடிச்சுத் தூக்கி, ரெண்டா மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தாரு. ஏன் விழுந்துச்சு, எப்படி விழுந்துச்சுன்னு என்னைக் கேக்காதீங்க. எங்க ஊர்ல ஒருத்தரும் கேக்கல.

"ஏளா சீனி, இந்தா, கடைக்கு மேல கட்டிக்கோ"ன்னாரு. தொட்டுப் பாத்தேன், ஈரத்துண்டு மாதிரி கனம், மண்பானை மாதிரி குளிர்ச்சி. ஒரு முழம்தான் இருந்துச்சு, ஆனா மஞ்ச வெயில்ல வச்சு இழுத்தா இழுக்க இழுக்க வந்துச்சு, நீளமா இருக்கும்போதே நாலு மூலைக்கும் கயிறு கட்டிட்டா பிறகு சுருங்கல. மறுநாள் உச்சி வெயில்ல என் வண்டிக்குக் கீழ ஒரு கருப்பு நிழல், றெக்கை விரிச்ச வாக்குல, அதுக்குள்ள வந்து நின்னவன் ஒருத்தனும் போகமாட்டேங்கான். மூணு சர்பத் குடிக்கிறான், கிளாஸைத் திருப்பித் தராம கையில வச்சுக்கிட்டு நிக்கான், சவத்துப்பய. நான் சந்தோசப்பட்டேன், பொய் சொல்லல. அடுத்த நாளும், அதுக்கடுத்த நாளும் இவரு மொதப் பருந்துக்கு லாபம்னாரு, ஒவ்வொண்ணா விழுந்துச்சு, ஒண்ணு பிரசவ வார்டுக்கு, ஒண்ணு பள்ளிக்கூடத்து வாசலுக்குன்னு குடுத்தாரு.

அதுக்குள்ள விசயம் பேரூராட்சித் தலைவர் தங்கப்பழம் காதுக்குப் போயிருச்சு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, உள்ள மட்டும்தான் அழுக்கு. என் வண்டிக்குக் கீழ வந்து நின்னு மேல பாத்தான், கீழ பாத்தான், ஒரு கணக்குப் போட்டான். "மதினி, அண்ணாச்சி நாளொண்ணுக்கு ஒரு தடவைதான் லாபம்ங்கிறாரா?"

"மொதலுக்குத்தான லாபம். பிறகு ரெண்டு, மூணு"ன்னேன்.

"எல்லாத்தையும் மொதலாவே வச்சுக்கிட்டா என்ன? ஒண்ணு எண்ணி முடிச்சாச்சு, கணக்கு தீந்துச்சு, அடுத்தது புதுக்கணக்கு. அதுக்கும் லாபம்னுதான சொல்லணும்?"

அப்பவே அந்தப் பானைத் தண்ணியை அவன் மூஞ்சியில ஊத்தியிருக்கணும்.

அன்னைக்குச் சாயங்காலம் தரிசுல திருவிழாக் கூட்டம். ஏணி, கயிறு, ஆணிப் பொட்டலம், கோணிச்சாக்கு, சிலபேரு நிழலைச் சுருட்டி வைக்க பாயே கொண்டு வந்துட்டாங்க. இவரை ஒரு நாற்காலியில உக்காத்தி, கழுத்துல துண்டைப் போட்டு, கையில பனங்கற்கண்டுப் பாலைக் குடுத்து, சொல்லுங்க அண்ணாச்சின்னு சுத்தி நின்னாங்க, இவரும் மனுசன்தான, முப்பது வருசமா மூட்டைக்கு நடுவுல தூசி தின்னவரு, ஊரே தன் வாயைப் பாத்து நிக்கும்போது நெஞ்சு விரியத்தான செய்யும், லாபம்னாரு, லாபம்னாரு, லாபம்னாரு, வந்த பருந்துக்கெல்லாம் லாபம்னாரு, நிழல் மழை மாதிரி விழுந்துச்சு, விழ விழ ஆளுக்கு ஒரு மூலையாப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடுனாங்க, ஒரு பொம்பளை இன்னொருத்தி கையைக் கடிச்சு வச்சுட்டா. வேற ஆளுகளும் வாயைத் திறந்து லாபம் லாபம்னு கத்திப் பாத்தாங்க, ஒண்ணும் விழல. இவரு நாக்குலதான் அந்த வேலை இருந்துச்சு.

ரெஹானா புள்ள மட்டும் ஓரத்துல நின்னு மேலயே பாத்துக்கிட்டிருந்துச்சு. "அக்கா, எதுவுமே இறங்கமாட்டேங்குது"ன்னுச்சு. நிழல் போன பருந்தெல்லாம் புல்லுக்குத் தாழ வருது, காலை நீட்டுது, பயந்துபோய் மறுபடி மேல எழும்புது, திரும்பத் திரும்ப அதேதான். "நான் முந்தாநாளே பாத்தேன். பருந்து தன் நிழலைப் பாத்துத்தான் இறங்கும்க்கா. காலும் நிழலும் சேர்ற இடம்தான் அதுக்குத் தரை. இதுங்களுக்கு இப்போ தரையே கிடையாது. நிழலை விட்டுட்டு வடக்கயும் போகாது"ன்னு சொல்லி அழுதுருச்சு. பிறகு நேரா இவரு முன்னால போய் நின்னு, "அண்ணாச்சி, ஒண்ணுன்னு ஆரம்பிங்களேன். தயவுசெஞ்சு. அது போதும்"னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு.

கூட்டமே மூஞ்சியைச் சுளிச்சுச்சு, ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்ட மாதிரி. இவருக்கும் முகம் செத்துப் போச்சு. "எம்மா, அந்த வார்த்தை என் வாய்ல வராது"ன்னாரு.

ஊரு அதுக்குப் பிறகு நிழலுக்குப் பழகுன லட்சணம் இருக்கே, அதைச் சொன்னாத்தான் என் வயிறு ஆறும். மொத வாரத்துல தெருவுக்குத் தெரு நிழல் கட்டியாச்சு, மேலத்தெரு, நடுத்தெரு, தேரடி, கமிஷன் கடை வரிசை. கீழத்தெருவுக்கு மட்டும் ஒண்ணு கிடையாது, கேட்டா, அங்க ஆணி இறங்காது, மண்ணு சரியில்லைன்னு பதில். குழாய் லைட்டுல பேரு எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற ஊருல்லா, நிழல் மேலயும் வெள்ளைப் பெயிண்டால உபயம்னு பேரு எழுதுனாங்க, உபயம் தங்கப்பழம், உபயம் தங்கப்பழத்தோட மச்சினன், உபயம் அரிசி ஆலை, எழுத்து விழுந்த இடத்துல மட்டும் வெயில் ஒழுகும், அதுக்குக் கீழ உக்காந்திருக்கிறவன் நெத்தியில தங்கப்பழம்னு தலைகீழா விழும். அம்மனுக்கு ரெண்டு நிழல், இன்ஸ்பெக்டருக்கு மூணு. பொண்ணு பாக்க வர்றவங்க நகையைக் கேட்டுட்டு, வீட்டுல எத்தனை நிழல்னு கேட்டாங்க.

மேல வானத்துல நிழல் போன பருந்தெல்லாம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. தூங்காம, திங்காம, ஊருக்கு மேலயே வட்டம். அதுங்க பேன் உதுந்து தலையில விழுந்துச்சு, எச்சம் விழுந்துச்சு, முன்ன தின்ன எலி மயிரும் எலும்புமா உருண்டை உருண்டையாக் கக்குனது சோத்துத் தட்டுல விழுந்துச்சு. எடுத்து ஓரமாப் போட்டுட்டு மீதியைத் தின்னான் எங்க ஊர்க்காரன்.

பிறகு செத்துச் செத்து விழ ஆரம்பிச்சுச்சு. மொதல்ல விழுந்தது என் சர்பத் பானைக்குள்ளதான். நடு மத்தியானம், நல்ல கூட்டம், மேல இருந்து தொம்முனு ஒரு சத்தம், எட்டிப் பாக்கேன், நன்னாரித் தண்ணிக்குள்ள மஞ்சக் கண்ணு திறந்த வாக்குல கிடக்கு, நெஞ்சு எலும்பு கத்தி மாதிரி துருத்திக்கிட்டு, காத்து மாதிரி கனமே இல்லாம. நான் அந்த இடத்துலயே வாந்தி எடுத்தேன். பானையைத் தூக்கிச் சாக்கடையில உடைச்சேன், வண்டிக்கு மேல கட்டியிருந்த நிழலை அத்து ரோட்டுல எறிஞ்சேன். நான் திரும்புறதுக்குள்ள அதைச் செருப்புக் கடைக்காரன் சுருட்டிக்கிட்டுப் போயிட்டான். வரிசையில நின்னவன் ஒருத்தன், "அப்போ சர்பத் கிடையாதாக்கா?"ன்னு கேட்டான் பாருங்க.

ஊரெல்லாம் நாத்தம். ஓட்டுமேல, தண்ணித் தொட்டியில, மொட்டைமாடி வத்தலுக்கு நடுவுலன்னு கிடந்து அழுகுச்சு, புழு நெளிஞ்சுச்சு. அந்த நாத்தத்துக்கு அவங்க என்ன செஞ்சாங்கன்னு நினைக்கீங்க? நிழலை அவுத்தாங்கன்னா? நிழலுக்குக் கீழ கொசுவலை கட்டுனாங்க, பிணம் தலையில விழாம இருக்கணும்ல. காலையில ஒரு ஆளை விட்டு வலையை உதறி ஊருணியில கொட்டுனாங்க. பினாயில் தெளிச்சாங்க, சாம்பிராணி போட்டாங்க, மூக்குல தைலத்தைத் தடவிக்கிட்டு நிழல்ல கால் நீட்டிப் படுத்தாங்க. பத்து நாள்ல மூக்கு மரத்துப் போச்சு. பிறகு நாத்தம் இல்லாத வீட்டைப் பாத்து, பாவம், அங்க நிழல் கிடையாது போலன்னு இரக்கப்பட ஆரம்பிச்சாங்க.

இவரு ராத்திரி சோத்துல கையை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பாரு. "சீனி, என் வாயிலதான சாவுது"ன்னாரு.

"அப்போ போகாதீங்க"ன்னேன்.

தொண்டை கட்டிருச்சுன்னு படுத்துப் பாத்தாரு. தங்கப்பழம் வைத்தியரோட வந்தான், தேன், மிளகு, சுக்குன்னு தொண்டைக்குள்ள ஊத்துனாங்க. "அண்ணாச்சி, கமிஷன் கடைக்காரங்க எல்லாரும் உம்ம நாக்கை நம்பித்தான் கடையில நிழல் கட்டியிருக்காங்க. நீரு வரலைன்னா உமக்கு அங்க மரக்கால் பிடிக்க வேலை இருக்குமாங்கிறதை யோசிச்சுக்கிடும். மதினி வண்டி நிக்கிற இடமும் பேரூராட்சி இடம்தான்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். அவன் போனப்புறம் இவரு கதவைச் சாத்திட்டு, குண்டான்ல பயத்தம்பயறைக் குவிச்சு வச்சு, உழக்கால அள்ளி, ஒண்ணுன்னு சொல்லிப் பாத்தாரு. வாயைத் திறக்காரு, நாக்கு மடங்குது, ஓங்கரிச்சுக்கிட்டு வருது. பெத்த தாய் மேல மண்ணை வாரித் தூத்தச் சொன்னா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு. உழக்கைக் கீழ போட்டுட்டுச் சுவத்துல தலையைச் சாச்சுக்கிட்டாரு. நான் நெஞ்சைத் தடவி விட்டேன், வேற என்ன செய்ய.

சித்திரை பாதியில தெக்க இருந்து வர்ற பருந்து நின்னு போச்சு. வரவேண்டியது எல்லாம் வந்தாச்சு. எங்க ஊரைத் தாண்டி வடக்க போனதுன்னு பாத்தா அன்னன்னைக்கு இவரு ரெண்டு, மூணுன்னு எண்ணி விட்ட ஆரம்பக் கூட்டம் மட்டும்தான். மிச்சத்துல பாதி ஊருணியில கிடந்துச்சு, பாதி மேல சுத்திக்கிட்டிருந்துச்சு. ரெஹானா புள்ள ஊருக்குப் போகாம, தினம் விழுந்ததை எண்ணிக்கிட்டிருந்துச்சு. "இந்த ஒரு வழியில போறதே மொத்தம் இவ்வளவுதான்க்கா. இதுவும் போச்சுன்னா அடுத்த ஐப்பசியில எண்ணுறதுக்கு ஆளும் தேவையில்லை, வானமும் தேவையில்லை"ன்னுச்சு.

தங்கப்பழத்துக்கு வேற கவலை. அம்மன் கொடைத் திருவிழா வருது, பந்தலுக்கு நிழல் பத்தல. பருந்து நிழலெல்லாம் பழசாகி ஓரம் கிழிய ஆரம்பிச்சிருந்துச்சு. அந்த நேரத்துலதான் செங்கச் சூளையில வேலை பாத்த வடக்கத்தி சனங்க, மழைக்கு முன்னால ஊருக்குக் கிளம்புறதுக்காக மூட்டை முடிச்சோட பஸ் ஸ்டாண்டு மைதானத்துக்கு வந்து நின்னாங்க. ஆறு மாசமா எங்க ஊருக்குக் கல்லு அறுத்துப் போட்டவங்க. அவங்களை ஒரு நிழலுக்குள்ளயும் விடல, மைதானத்து நடுவுல வெட்டவெளியில வரிசையா நிக்க வச்சிருந்தாங்க. எல்லாத்துக்கும் முன்னால சுக்மதின்னு ஒரு பொண்ணு, இடுப்புல கைக்குழந்தை; என்கிட்ட குழந்தைக்கு ஐஸ் தண்ணி வாங்க வரும், அப்படித்தான் பேரு தெரியும்.

தங்கப்பழம் என் வண்டிக்கிட்ட வந்து, புதுப்பானைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்த இவரு தோள்ல கையைப் போட்டான். "அண்ணாச்சி, ஆளுகளை எண்ணி பஸ்ல ஏத்தணும்லா. நீரு எண்ணும்."

எனக்கு ஒரு நிமிசம் விளங்கல. அவன் பின்னால பாத்தேன். நாலு தடியன் ஏணியும் ஆணியுமா நின்னுக்கிட்டிருந்தான். விளங்குச்சு.

"அட நாசமாப் போறவனே, அது மனுசங்கடா"ன்னேன்.

"மதினி, சத்தம் போடாதீங்க. ஒரு ஆள் நிழலை மஞ்ச வெயில்ல இழுத்தா பந்தல் பூரா மூடிரும். நாம என்ன உயிரையா கேக்கோம்? ஊரைவிட்டுப் போறவங்கதான, போகும்போது நிழலை விட்டுட்டுப் போனா என்ன குறைஞ்சா போயிரும்? யாரு வந்து கேக்கப் போறா?"

சுத்தி நிழலுக்குக் கீழ உக்காந்திருந்த ஊரு அத்தனை கண்ணாலயும் பாத்துக்கிட்டிருந்துச்சு. ஒருத்தனும் வேண்டாம்னு சொல்லல. ஒரு கிழவன் மட்டும், "குழந்தை நிழலும் சேந்து வருமா, தனியா எண்ணணுமா?"ன்னு சந்தேகம் கேட்டான். தூ.

இவரு நடந்து போனாரு. மேக்க சூரியன் தாழ்ந்திருந்துச்சு, வரிசையில நின்னவங்க நிழலெல்லாம் மைதானம் முழுக்க நீளமா விழுந்து கிடந்துச்சு. இவரு சுக்மதி முன்னால போய் நின்னாரு. அது இவரைப் பாத்துச் சிரிச்சுச்சு, எண்ணுறாங்க, ஊருக்குப் போகப்போறோம்னு நினைச்சு. தடியனுங்க அதோட நிழல் நுனியில குனிஞ்சு கையை வச்சுட்டாங்க. இவரு தொண்டையைச் செருமுனாரு. வாயைத் திறந்தாரு, மூடுனாரு. திரும்பி ஓரமாப் போய் குனிஞ்சு, காலையில குடிச்ச கஞ்சியெல்லாம் வாந்தி எடுத்தாரு, வாயைத் துடைச்சாரு, திரும்பி வந்து அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்து, ஊருக்கே கேக்குற மாதிரி, "ஒண்ணு"ன்னாரு.

ஒண்ணும் ஆகல. நிழல் காலோட ஒட்டியே இருந்துச்சு. "ரெண்டு"ன்னாரு, "மூணு"ன்னாரு, கண்ணுல தண்ணி ஓட ஓட வரிசை நெடுக எண்ணிக்கிட்டே போனாரு, ராகம் கிடையாது, வெறும் எண்ணு. நிழலுக்குக் கீழ இருந்து ஒருத்தன், "நாக்கு அழுகிப் போக"ன்னு கத்துனான், இன்னொருத்தன் செருப்பைக் கழட்டி எறிஞ்சான்.

அப்பதான் மேல சுத்திக்கிட்டிருந்ததுல ஒரு பொட்டைப் பருந்து தாழ வந்துச்சு. மைதானத்துல ஆணி அடிக்காத நிழல் அவ்வளவு நீளமா விரிஞ்சு கிடக்கிறதை அது பாத்திருக்கும் போல. சுக்மதி நிழலோட தோள் இருந்த இடத்துல காலை நீட்டுச்சு, இறங்கிருச்சு. இறங்கி, தரையில உக்காந்து, றெக்கையை மடக்கி, குழந்தைக்கு வச்சிருந்த தண்ணிச் சொம்புல மூக்கை விட்டுக் குடிச்சுச்சு. பிறகு எழும்புனப்போ அதுக்குக் கீழ புதுசா ஒரு நிழல் கூடவே ஓடுச்சு. ஒரு விளக்குல இருந்து இன்னொரு விளக்கைக் கொளுத்துற மாதிரிதான், அந்தப் பொண்ணு நிழல் ஒரு சாண்கூடக் குறையல. அடுத்தது, அதுக்கடுத்தது, வரிசையில நின்ன ஒவ்வொரு ஆளு நிழல்லயும் ஒவ்வொண்ணா இறங்குச்சு. அந்த சனங்க அசையாம நின்னாங்க. எண்ணச் சொன்னா நிப்பாங்க, நிக்கச் சொன்னா நிப்பாங்க, பாவம். பஸ் புறப்பட்டப்போ மேல அந்தப் பருந்தெல்லாம் வடக்கப் பாத்துப் போச்சு.

ஆனா ஒரு நிழலுக்கு ஒண்ணுதான் இறங்குச்சு. வரிசையில நின்னவங்களைவிட மேல சுத்துறது அதிகம். ரெஹானா புள்ள மைதானத்து நடுவுல ஓடிப்போய் நின்னு, ஊரைப் பாத்து, "வாங்க! கொஞ்ச நேரம் வந்து வெயில்ல நில்லுங்க! சும்மா நின்னாப் போதும்! சூரியன் போயிரும், சீக்கிரம் வாங்க!"ன்னு கத்துச்சு. நானும் போனேன். இவரும் நானும் அந்தப் புள்ளையும் கையை விரிச்சுக்கிட்டு நின்னோம். என் நிழல்ல ஒண்ணு வந்து இறங்குச்சு, நெஞ்சு துடிக்கிறது வெளிய தெரிஞ்சுச்சு, அந்த மஞ்சக் கண்ணால என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போச்சு. மூணு பேரு, மூணு பருந்து.

நான் ஒவ்வொருத்தன் பேரையும் சொல்லிக் கூப்பிட்டேன். ஏ செருப்புக் கடைக்காரரே, ஏ டீக்கடை, ஏ வாத்தியாரே, எய்யா உங்க கால்ல விழுறேன், வந்து ஒரு அஞ்சு நிமிசம் நில்லுங்கய்யான்னு கெஞ்சுனேன். திட்டுனேன். ஒரு பொம்பளை முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு எழுந்திரிச்சா, ஒரு எட்டு வச்சா, அனல் மூஞ்சியில அடிக்கவும் திரும்பப் போய் உக்காந்துக்கிட்டா. தங்கப்பழம் நிழலுக்குள்ள இருந்தே கையை ஆட்டுனான். "வாறோம் மதினி, வாறோம். வரமாட்டோம்னா சொல்லுதோம்? இந்த வெயில் தாழட்டும்."

வெயில் தாழ்ந்துச்சு. எங்க மூணு பேரு நிழலும் நீண்டு, வெளுத்து, மண்ணோட மண்ணாப் போச்சு. அதுக்குப் பிறகு வந்தாங்க. சும்மா சொல்லக்கூடாது, ஊரே வந்துச்சு. குளுகுளுன்னு காத்தடிக்க, குளிச்சு, பவுடர் போட்டு, பிள்ளைகுட்டியோட வந்து மைதானம் நிறைய வரிசையா நின்னு, எங்களைப் பாத்துப் பாத்துக் கையை விரிச்சுக்கிட்டாங்க. ஒருத்தன் காலுக்குக் கீழயும் நிழல் கிடையாது. மேல பாத்து, "எங்க, ஒண்ணும் இறங்கலையே"ன்னாங்க. கை வலிக்குன்னாங்க. கொஞ்சநேரம் நின்னுட்டு, நம்ம கடமையைச் செஞ்சாச்சு, அதுக விதி அவ்வளவுதான்னு பேசிக்கிட்டே சோறு திங்கப் போனாங்க. இருட்டு கட்டக் கட்ட, மேல இருந்து ஒண்ணொண்ணா விழ ஆரம்பிச்சுச்சு.

தங்கப்பழம் கடைசி ஆளா என் வண்டிக்கிட்ட வந்தான். "பாத்தீங்களா மதினி, கூப்பிட்ட குரலுக்கு ஊரே திரண்டு வந்து நின்னுச்சு. ஊருன்னா இப்படி இருக்கணும்"னு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே அவன் காலடியில ஒண்ணு வந்து விழுந்துச்சு. குனிஞ்சு பாத்தான். அந்த வெள்ளைச் செருப்பால அதை ஓரமாத் தள்ளி விட்டுட்டு, ஒரு சர்பத் கேட்டான், ஐஸ் கொஞ்சம் கூடப் போட்டு.